மறைகுறியும் மழைக்குறியும்

(கொழும்பு, வெள்ளவத்தையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



சங்கச் செய்யுளையும் சைவ சித்தாந்தத்தையும் நாவலர் பெருமானின் வசனநடையையும் பற்றிப் பேசியும் கேட்டும் பழகிய ஓர் அவையின் முன்னே, ஸ்கொத்லாந்து தேசத்துப் பேர்த் என்னும் ஊரிலே பிறந்து, பதினெட்டு வயதிலே பிரித்தானியக் கடற்படையின் பெண்கள் பிரிவிற் சேர்ந்து, போர்க்கப்பலையோ பீரங்கியையோ இயக்காமலே தமது யுத்த சேவையை முடித்து, 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் தமது 94ஆம் வயதிற் காலமான ஒரு மூதாட்டியைப் பற்றிப் பேச நான் எழுந்திருப்பது உங்களிற் சிலருக்கு விசித்திரமாகத் தோன்றக்கூடும். அம்மூதாட்டியின் பெயர் ஜீன் வாலன்டைன்; விவாகத்தின் பின் ஜீன் றூக். அவருடைய யுத்தகால ஜீவியத்தின் பிற்பகுதி கழிந்தது நாம் கூடியிருக்கும் இதே கொழும்பு மாநகரிலே என்பதும், அவர் இங்கே செய்த தொழில் யப்பானியக் கடற்படையின் வானிலைத் தந்திகளைப் பொதிந்திருந்த மறைகுறிகளை உடைப்பது என்பதுமே இப்பொருளை நான் எடுத்துக்கொண்டமைக்கு நியாயமாகும்.

அவர் சேர்ந்த படைப்பிரிவின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாம் உலக யுத்தத்தின்போது, 1917ஆம் ஆண்டு நவம்பரில், ஆடவரைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டுக் கரையிலுள்ள உத்தியோகங்களைப் பெண்களைக்கொண்டு நடத்துவதற்காக அப்பிரிவு அமைக்கப்பட்டது. யுத்தம் முடிந்ததும் 1919இல் கலைக்கப்பட்டது. மீண்டும் யுத்தமேகம் கவிந்தபோது 1939 ஏப்ரிலில் வேரா லாட்டன் மத்யூஸ் அம்மையாரின் தலைமையில் உயிர்ப்பிக்கப்பட்டு, யுத்தம் உச்சமடைந்த காலத்தில் ஏறத்தாழ 74,000 பெண்களைக் கொண்டதாய் வளர்ந்தது. ஆள் பற்றாக்குறை நேர்ந்தபோது மட்டும் பெண்களின் சாமர்த்தியம் கண்ணுக்குப் புலப்படுவதும், பற்றாக்குறை தீர்ந்ததும் அது மறந்துபோவதும் அரசாங்கங்களின் பழைய வழக்கம். இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமற் போக மனம் வரவில்லை. 1932ஆம் ஆண்டிலேயே கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு வடக்குத் தொகுதி மக்கள் திருமதி நேசம் சரவணமுத்துவை அரசாங்க சபைக்கு அனுப்பி வைத்தார்கள். பெண்ணைச் சட்டசபையில் அமர்த்தத் தயங்காத ஊருக்கு, பெண் கடற்படையிற் சேர்ந்தாள் என்பது அத்தனை பெரிய ஆச்சரியமாய் இருந்திருக்க வேண்டியதில்லை.

ஜீன் வாலன்டைன் பிறந்தது 1924 யூலையில். பயிற்சி முடிந்ததும் அவரை அனுப்பிய இடம் இங்கிலாந்தின் உட்பகுதியிலுள்ள பிளெச்லி பார்க் என்னும் பழைய மாளிகைத் தோட்டம். கடலலையின் ஓசையும் எட்டாத அவ்விடத்திலேதான் யேர்மானியரின் எனிக்மா யந்திரத்தாற் குறியீடாக்கப்பட்ட செய்திகளைப் படித்தறியும் மாபெரும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. அவருக்குத் தொடக்கத்திற் கிடைத்த சம்பளம் வாரத்துக்குப் பதினைந்து சிலிங். வேலை, பொம்ப் எனப்பட்ட யந்திரத்தை இயக்குவது. போலந்து நாட்டுக் கணித நிபுணர்கள் முன்னர் அமைத்த ஒரு கருவியின் பெயரையும் தூண்டுதலையும் ஏற்று, அலன் ரியூறிங் என்னும் மேதை வகுத்து, கோர்டன் வெல்ச்மன் திருத்தி, ஹரல்ட் கீன் என்னும் பொறியியலாளர் ஆக்கிக் கொடுத்த அந்த யந்திரம் ஏறக்குறைய ஏழு அடி அகலமும் ஆறரை அடி உயரமும் ஒரு தொன் நிறையும் உடையது. முகப்பிலே மூன்று மூன்றாக அடுக்கிய 108 உருளைகள். 36 எனிக்மா யந்திரங்களின் வேலையை அவை ஏககாலத்திற் செய்யும். செய்தியிலே இன்ன சொல் இன்ன இடத்தில் இருக்கலாம் என்று நிபுணர்கள் ஊகித்து ஒரு தாளில் வரைந்து அனுப்பும் அமைப்பின்படி, அப்பெண்கள் பின்புறத்தில் வயர்களைச் சொருகி, முன்புறத்தில் நிறவாரியாக உருளைகளை மாட்டி, உருளையின் உட்புறத்துக் கம்பித் தூரிகைகளில் ஓர் இழையேனும் மற்றோர் இழையைத் தொடாதவண்ணம் சாமணத்தாற் பிரித்து வைத்து, யந்திரத்தை ஓடவிட்டு, அது தானாக நிற்கும்வரை பக்கத்திலே காத்து நிற்கவேண்டும்; நின்றதும் காட்டிய எழுத்துக்களைக் குறித்துச் சொல்லி அனுப்பவேண்டும்; பிறகு அடுத்த ஓட்டம். இப்படி இரவென்றும் பகலென்றும் பாராமல் முறைவைத்து நின்றார்கள். யுத்தம் முடிகையில் இவ்வகை யந்திரங்கள் 200க்கு மேல் இருந்தன. அவற்றை இயக்கியோரிற் பெரும்பாலோர் கடற்படைப் பெண்களே.

அவர்கள் நடத்திய வேலையின் பலனை அவர்கள் அறியவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சொருகிய வயர் எந்தக் கப்பலைக் காத்தது, நின்ற உருளை எந்த நீர்மூழ்கியைக் காட்டிக்கொடுத்தது என்பதை இயக்கியவளுக்கு எவரும் சொல்லவில்லை. தாயிடமும் தந்தையிடமும் உடன்பிறந்தாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அவர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். அர்த்தம் தெரியாத வேலையை, கீர்த்திக்கு இடமில்லாத வேலையை, பிழை நேர்ந்தால் எங்கோ கடல் நடுவிற் பலர் மாள நேரும் என்ற ஓர் அச்சத்தை மட்டும் துணையாகக்கொண்டு செம்மையாகச் செய்வதென்பது, பீரங்கி முன் நிற்கும் வீரத்துக்கு எவ்வகையிற் குறைந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். குறைந்ததன்று என்பதே என் அபிப்பிராயம்.

இனிக் கொழும்புக்கு வருவோம். யப்பானியக் கடற்படையின் தந்திகளை ஒட்டுக்கேட்டுப் படிக்கும் பிரித்தானிய நிலையம் சிங்கப்பூரில் இருந்தது. அந்நகரம் வீழப்போகிறது என்பது தெரிந்ததும், 1942 சனவரியில் அந்நிலையத்தார் தம் ஏடுகளுடன் கொழும்புக்கு வந்து, இந்தியப் பிள்ளைகள் படித்த பெம்புறோக் கல்லூரியின் கட்டடத்திற் குடியேறினார்கள். அங்கிருந்தபடியே, இலங்கையைத் தாக்க யப்பானியக் கப்பற்படை ஆயத்தமாகிறது என்பதை அவர்கள் மறைகுறிகளிலிருந்து அறிந்து, ஏப்ரில் முதலாந் தேதியளவில் அது நிகழலாம் என்று எச்சரித்தார்கள். அந்த நாள் கழிந்தும் எதிரியைக் காணாமையால் பிரித்தானியக் கப்பற்படைத் தளபதி அட்மிரல் சோமர்வில் தமது கப்பல்களிற் பெரும்பாலானவற்றை நீரும் எண்ணெயும் நிரப்ப மாலைதீவின் அட்டு பவளத்தீவுக்குக் கொண்டுபோன பின்பே, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கட்டலினா விமானத்தின் விமானி லியனார்ட் பேர்ச்சல் நான்காந் தேதி எதிரிப் படையைக் கண்டு செய்தி அனுப்பினார். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே சுட்டுவீழ்த்தப்பட்டார். ஐந்தாந் தேதி, உயிர்த்த ஞாயிறு காலையில், குண்டுகள் விழுந்தன.

அந்தக் காலையைப் பற்றி, கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் வாழ்ந்த குடும்பங்களிலே பாட்டன் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் இச்சபையில் இருப்பீர்கள். பெருநாட் பூசைக்குச் சனங்கள் கோயில்களுக்குப் போகும் வேளை. துறைமுகத்தில் ஹெக்டர், தெனெடொஸ் என்னும் இரு கப்பல்கள் மூழ்கின. இரத்மலானையிலும் கொலன்னாவையிலும் குண்டுகள் விழுந்தன. அங்கொடையிலிருந்த மனநோயாளர் வைத்தியசாலையும் தப்பவில்லை. அதே நாளில் தென்கடலிலே கோர்ன்வோல், டோர்செற்ஷயர் என்னும் இரு போர்க்கப்பல்கள் 424 பேருடன் அழிந்தன. அதன் பின் நகரம் காலியாயிற்று. துறைமுகத்திலே மூட்டை சுமந்த தொழிலாளரிற் பெருந்தொகையினர் இந்தியாவுக்குப் போயினர். யாழ்ப்பாணத்துக்குப் போகும் புகையிரதங்களில் மூச்சுவிட இடமில்லை. நமது கொழும்புத் தமிழ்ச் சங்கம் தோன்றியதும் அந்த 1942ஆம் ஆண்டிலேதான் என்பதை நினைக்குந்தோறும் நான் வியப்பதுண்டு: ஊரார் பெட்டி கட்டி ஓடிய ஆண்டிலே, சிலர் தமிழுக்கு ஒரு நிரந்தர இருப்பிடம் வேண்டுமென்று கூடினார்கள்.

மறைகுறி நிலையத்தாரும் ஓடினவர்களே. அவர்கள் ஆபிரிக்காவின் மொம்பாசாவுக்கு அருகே கிலிந்தினிக்குப் போய், அங்கும் அல்லிதினா விஸ்ராம் என்னும் இந்தியர் பாடசாலை ஒன்றிலேயே தங்கினார்கள். பிரித்தானிய சாம்ராச்சியத்தின் அந்தரங்கங்கள் இருமுறையும் இந்தியப் பிள்ளைகளின் வாங்குமேசைகளிலே எழுதப்பட்டன என்பது சரித்திரத்தின் ஒரு சிறு வேடிக்கை. 1943 செப்ரெம்பரில் நிலையம் மறுபடி கொழும்புக்கு வந்தது. இம்முறை அமைந்த இடம் அண்டர்சன் கோல்ப் திடல். இன்று கொழும்பு 5 என்று வழங்கும் பகுதி, வெள்ளவத்தையிலிருந்து வெகுதூரமன்று. கரையிலே புல்வெளியில் எழுந்த அந்த ஓலைக்கொட்டில் பாசறைக்குக் கடற்படை தன் வழக்கப்படி ஒரு கப்பலின் பெயர்போலவே பெயரிட்டு வழங்கியது.

இந்நிலையத்துக்கென்று இங்கிலாந்திலிருந்து வந்த பெண்களுக்குப் பிரயாணமே முதற் சோதனை. கெடிவ் இஸ்மாயில் என்னும் கப்பலின் கதையை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1944 பெப்ருவரியில் அது மொம்பாசாவிலிருந்து கொழும்பு நோக்கி, படைவீரர்களும் தாதியரும் கடற்படைப் பெண்களுமாக 1,511 பேரைச் சுமந்துகொண்டு, வேறு கப்பல்களுடனே புறப்பட்டது. 12ஆம் தேதி பிற்பகல், மாலைதீவுக்கு அருகே யப்பானிய நீர்மூழ்கி ஒன்று எய்த குண்டுகளால் இரண்டு மூன்று நிமிஷங்களுக்குள் மூழ்கிற்று. மாண்டவர் 1,297 பேர். அவர்களிலே பெண்கள் 77. பிழைத்த பெண்கள் ஆறே பேர். காவலாக வந்த பெற்றார்ட், பலடின் என்னும் இரு நாசகாரிக் கப்பல்கள் அந்நீர்மூழ்கியைத் தேடி அழித்தன. அது பதுங்கியிருந்ததோ நீந்திக்கொண்டிருந்த மனிதர்களுக்கு நேர் கீழே. ஆழக்குண்டு போட்டால் நீந்துவோரும் மாள்வர், போடாவிட்டால் ஏனைய கப்பல்களும் போய்விடும். குண்டு போடப்பட்டது. கொழும்புத் துறையை நோக்கி வந்து சேராத அந்த எழுபத்தேழு பெண்களை, இத்துறைமுகத்தை அன்றாடம் பார்க்கும் நாம் நினைப்பதில்லை.

பெற்றார்ட் என்ற பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். அதே கப்பல்தான் 1942 ஒக்ரோபர் 30ஆம் தேதி, எகிப்துக்கு வடக்கே, யேர்மானிய நீர்மூழ்கி ஒன்றை மேலெழச் செய்தது. அமிழ்ந்துகொண்டிருந்த அதனுள் பாஸன் என்ற அதிகாரியும் கிறேசியர் என்ற மாலுமியும் இறங்கி ஏடுகளை எடுத்துக் கொடுத்தார்கள்; ஏணியில் நின்று வாங்கியவன் பதினாறு வயதுடைய சிற்றுண்டிச்சாலைப் பையன் தொம்மி பிறவுண். பையன் பிழைத்தான், மற்ற இருவரும் நீர்மூழ்கியோடு போனார்கள். அவர்கள் உயிரைக் கொடுத்து எடுத்த ஏடுகளில் முக்கியமானது எது? போர்த்திட்டமன்று, ஆயுத ரகசியமன்று. வானிலை அறிக்கைகளைச் சுருக்கித் தந்தியாக்கும் குறியீட்டுப் புத்தகம். காற்று, முகில், வாயு அமுக்கம், வெப்பநிலை என்பவற்றை இன்ன ஒழுங்கிற் சொல்லவேண்டும் என்ற விதி தெரிந்ததும், பத்து மாதமாகப் படிக்க முடியாதிருந்த அத்திலாந்திக் நீர்மூழ்கிகளின் எனிக்மா 1942 டிசெம்பரிற் பிளந்தது. பொம்ப் யந்திரத்தின் பக்கத்தில் நின்ற இளம்பெண்களுக்கு வேலை குவிந்தது.

வானிலைத் தந்தி ஏன் இத்தனை விலைமதிப்புள்ளதாயிற்று? யுத்தகாலத்தில் எந்த அரசாங்கமும் நாளை மழை பெய்யுமா என்பதை எதிரிக்குச் சொல்லாது. நாட்டுப் பத்திரிகைகளிலும் போடாது. நாளைக் காலை பர்மாவின் மேலே முகில் கவிந்திருக்குமா என்பது தெரிந்தால் விமானம் புறப்படுமா தங்குமா என்பது நிச்சயமாகும். அந்த அறிவைத் தம் எதிரியின் அவதான நிலையங்களிலிருந்தே, எதிரியின் செலவிலேயே பெறுவது எத்தனை இலாபம்! அதனினும் மேலாக இன்னொன்று. வானிலை அவதானி ஒரு கட்டுப்பட்ட பிறவி: தினந்தோறும் குறித்த நாழிகையில், குறித்த இடத்திலிருந்து, குறித்த ஒழுங்கிலே பேசுகிறவன். தளபதி மௌனமாய் இருக்கலாம். அவன் இருக்க முடியாது. பேச்சு ஒழுங்கானதாக ஆக அதை ஊகிப்பது எளிது. ஊகிப்பது எளிதானால் மறைப்பு நிலையாது. தென்மேற்குப் பருவக்காற்று எப்பொழுது வெடிக்கும் என்பதைக் கொண்டு விதைப்பையும் கரைவலையையும் தீர்மானித்த நமது முன்னோருக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியிருந்திராது.

ஜீன் வாலன்டைனுக்குக் கொழும்பிற் கிடைத்த வேலை அந்த யப்பானிய வானிலைக் குறிகளை உடைப்பது. பிளெச்லியில் அவர் பழகிய யந்திரம் இங்கே உதவாது. இங்கே படிக்கவேண்டிய யப்பானியத் தந்திகள் எனிக்மாவால் மறைக்கப்பட்டவையல்ல, பெரும்பாலும் இலக்கக் கூட்டங்களாக எழுதிய குறியீட்டுப் புத்தகங்களைக் கொண்டு மறைக்கப்பட்டவை. யந்திரத்துக்குப் பணிவிடை செய்தவர் இங்கே தாமே மூளையைச் செலுத்தி இலக்கங்களோடு மல்லாட வேண்டியவரானார். இவ்வகையில் நோக்கினால் கொழும்பு அவருக்குப் பதவி உயர்வாகவே அமைந்தது எனலாம். ஆனால் அவருடைய வாழ்க்கையைச் சொல்வோர் பிளெச்லியை விரித்து எழுதி, இலங்கையை ஒரு வரியிலே கடந்துவிடுகிறார்கள். யந்திரத்துக்கு ஒரு கவர்ச்சி உண்டு. காகிதத்திலுள்ள இலக்கத்துக்கு இல்லை.

இவ்விடத்தில் உங்களில் ஒருவர் எழுந்து, இது யாருடைய யுத்தம் ஐயா என்று கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. அவர் சேவித்தது நம்மை ஆண்ட சாம்ராச்சியத்தின் கடற்படை. 1942 மே மாதத்திற் கொக்கோஸ் தீவிலே இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் அந்தச் சாம்ராச்சியத்துக்கு எதிராகக் கலகம் செய்து, அவர்களின் தலைவனான கிறேசியன் பெர்ணாந்து ஓகஸ்ட் 5ஆம் தேதி வெலிக்கடைச் சிறையிலே தூக்கிலிடப்பட்டான். பின்னர் அவனுடன் இருவர். 1943 ஒக்ரோபரிற் சிங்கப்பூரிலே நேதாஜியின் ஆணைப்படி, அவருடைய இந்திய தேசியப் படையின் பெண்கள் பிரிவாகிய ஜான்சி ராணி படை பயிற்சி தொடங்கியபோது, சென்னை மருத்துவர் இலக்குமி தலைமையில் துப்பாக்கி ஏந்தியவர்களில் மிகப் பலர் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள். காதணியைக் கழற்றி நேதாஜியிடம் கொடுத்துவிட்டுப் படையிற் சேர்ந்த கோலாலம்பூர் ஜானகி தேவர் 1925இற் பிறந்தவர். ஜீன் வாலன்டைனிலும் சில மாதங்களே இளையவர். 1944ஆம் ஆண்டு, வங்கக் கடலின் ஒரு கரையிலே இலங்கையிலும் மறு கரையிலே பர்மாவிலும், எதிரெதிர் அணிகளிலே, இந்த இரு திறத்துப் பெண்களும் இருந்தார்கள். இம்பாலிலிருந்து பின்வாங்கிய இந்திய தேசியப் படையைச் சேற்றிலும் காய்ச்சலிலும் வருத்தியது அதே பருவமழை. இவருள் ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாம்ராச்சியத்தை நான் மெச்சவில்லை. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்து அதைச் சொல்லிக்கொள்ளாதிருந்த பெண்ணை மெச்சுகிறேன். ஜானகி அம்மையாரும் முதுமைவரை வாழ்ந்து 2014இலும், இலக்குமி அம்மையார் 2012இலும் காலமானார்கள். இந்தியக் கடற்படைக்கும் அக்காலத்தில் ஒரு பெண்கள் பிரிவு இருந்தது. அதன் அதிகாரிகளுள் ஒருவரான கல்யாணி சென் 1945இற் பிரித்தானியாவுக்குச் சென்று வந்தார். ஆனால் இந்தியக் கடற்படை மருத்துவம் அல்லாத துறைகளிற் பெண்களை அதிகாரிகளாக மீண்டும் ஏற்க 1992 வரை செல்லவேண்டியிருந்தது.

யுத்தம் முடிந்தது. ஜீன் வாலன்டைன் விமானியாயிருந்த கிளைவ் றூக் என்பவரை மணந்து, குடும்பம் நடத்தி, மௌனமாக இருந்தார். 1974இல் வின்டர்போதம் என்னும் அதிகாரி அந்த ரகசியத்தைப் புத்தகமாக வெளியிடும்வரை, பிளெச்லியிற் பணிபுரிந்த ஆயிரக்கணக்கானோர் வாய்திறக்கவில்லை. இதை உலகம் ஒரு மாண்பாகவே பேசுகிறது. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. யுத்தகாலத்து மௌனம் தர்மம். யுத்தம் முடிந்து முப்பதாண்டு கழிந்தும் நீடித்த மௌனம், தம் மகள் என்ன செய்தாள் என்பதை அறியாமலே பெற்றோர் பலரை மயானத்துக்கு அனுப்பிற்று. அரசாங்கம் அதற்குக் கணக்குச் சொல்லவில்லை. யந்திரங்களையும் உடைத்துப் போட்டுவிட்டது.

ஆகவேதான் அவருடைய முதுமை விசேஷமானது. ஜோன் ஹார்ப்பர் என்பவரின் தலைமையிலே தொண்டர்கள் பழைய வரைபடங்களைத் தேடி, பொம்ப் யந்திரம் ஒன்றைப் புதிதாகக் கட்டி 2006ஆம் ஆண்டளவில் முடித்தபோது, அதை எப்படி இயக்குவது என்பதை அநுபவத்தால் அறிந்தவர்கள் சிலரே உயிரோடிருந்தார்கள். எண்பதைக் கடந்த ஜீன் அம்மையார் அவர்களில் ஒருவர். பிளெச்லிக்கு வருவோரை அழைத்துச் சென்று காட்டினார். யந்திரத்தை ஓடவிட்டு விளக்கினார். ரியூறிங்கின் நூற்றாண்டான 2012இலும் மேடையேறிப் பேசினார். பேசாதே என்று இளமையில் ஆணையிடப்பட்டவர் முதுமையிற் பேசுவதையே தொழிலாகக்கொண்டார். அந்த யந்திரம் 2018இல் அங்கேயே உள்ள கணினி அருங்காட்சியகத்துக்கு மாறி, இன்றும் ஓடுகிறது.

கொழும்பிலே அவர் செய்த வேலையைக் காட்ட அப்படி ஒரு பொருளும் இல்லை. பிரித்தானியரின் கடற்றளம் 1957இலே திருகோணமலையில் நம்மவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அண்டர்சன் திடலைச் சுற்றி நகரம் வளர்ந்து மூடிவிட்டது. எஞ்சியிருப்பது மனிதர் சொல்லும் சொல் மட்டுமே. அதுவும் ஆண்டுதோறும் குறைகிறது. உயிர்த்த ஞாயிற்றன்று வானத்திலே விமானத்தைக் கண்டவர்கள், பெட்டியோடு புகையிரதம் ஏறியவர்கள், துறைமுகத்திற் கணக்கெழுதியவர்கள், வெள்ளைச் சீருடைப் பெண்களைக் காலிமுகத்திடலிற் பார்த்தவர்கள், அல்லது அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இச்சபையில் எவரேனும் இருந்தால், கேள்வி நேரத்திலே முதலில் அவர்களையே பேச அழைக்கவேண்டும் என்று அவைத் தலைவரைக் கேட்டுக்கொண்டு, என் ஆசனத்தில் அமர்கிறேன்.